அண்டாவ பாத்தா எல்லாருக்கும் பிரியாணிதான் தெரியுது

எங்க கேமோட ஸ்டோர் படத்த முதல்ல காட்டினது அத்தைகிட்டதான். கே.கே.நகர் வீட்டு மொட்டமாடில வத்தல் காயப்போட்டுட்டு காக்கா விரட்டிட்டு உக்காந்திருந்தாங்க, நான் போனை நீட்டி "அத்தை இத பாருங்க, நாங்க ரெண்டு வருஷமா பண்ணிட்டிருக்கோம்ல, அந்த கேம், கடைல இந்த படந்தான் வரப்போகுது"ன்னு சொன்னேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, போனை கிட்ட ஒரு தடவ தூரமா ஒரு தடவ வெச்சு பாத்துட்டு, "நல்லாருக்குடா. பிரியாணி கடையா?"ன்னாங்க.

பிரியாணி கடை இல்ல. கேம் பேரு புடி புடி. ரெண்டு பேர் சேந்து ஆடுறது. தெருமுனைல தண்ணி லாரி வந்து நிக்கும், உங்ககிட்ட ஒரே ஒரு அண்டா, அதுக்கு ரெண்டு பக்கமும் வளையம், ஆளுக்கு ஒரு வளையத்த புடிச்சுக்கிட்டு மூணாவது மாடி வரைக்கும் சிந்தாம கொண்டுபோகணும், அவ்வளவுதான் கேமே. லிஃப்ட் கெடையாது. படிக்கட்டுல பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, ரெண்டாவது மாடி மாமி வாசல்ல கோலம் போட்டிருப்பாங்க, மிதிச்சா திட்டு விழும், ஒரு நாய் குறுக்க குறுக்க வரும். 2019 கோடைல ஏரியெல்லாம் காஞ்சு ஜோலார்பேட்டைலேந்து ரயில்ல தண்ணி கொண்டுவந்தாங்களே, அப்ப நானும் என் ரூம்மேட்டும் மேற்கு மாம்பலத்துல மூணாவது மாடில இருந்தோம், தெனமும் ராத்திரி அண்டாவ தூக்கிட்டு "புடி புடி", "டேய் மெதுவா", "நீ ஏன் சாய்க்கிற", "நான் எங்கடா சாய்ச்சேன்"னு சண்ட போட்டுக்கிட்டே ஏறுவோம். அந்த ரூம்மேட்டுதான் இப்ப என்கூட கேம் பண்றவன். அவன் கோடிங், நான் லெவல் டிசைன், சவுண்டு, கணக்கு வழக்கு, அத்தைகிட்ட காட்டுறது எல்லாம்.

அந்த முதல் படத்துக்கு நாங்க ஒரு மாசம் செலவு பண்ணிருக்கோம், அதான் கடுப்பு. நடுவுல பெருசா அண்டா, பளபளன்னு. அதுக்கு பின்னாடி நம்ம ரெண்டு ஆளும் முதுகோட முதுகு ஒட்டி, கைய கட்டிக்கிட்டு, சினிமா போஸ்டர் மாதிரி கெத்தா நிக்குறாங்க. பின்னாடி முழு தெருவும் இருக்கு: கலர் கலரா கொடம் வரிசை, கரண்ட் ஒயரு, சுவத்துல போஸ்டர், தூரத்துல கோயில் கோபுரம், ஓரத்துல சின்னதா தண்ணி லாரி. வரைஞ்சது ரூம்மேட்டோட ஒண்ணுவிட்ட அக்கா, ரொம்ப நல்லா வரைவாங்க, மானிட்டர்ல முழு சைஸ்ல பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு, நம்ம தெரு நம்ம கேம்ல இப்படி வந்திருக்கேன்னு. வாட்சப்புல நாலு குரூப்புல போட்டேன். வந்த பதில்ல பாதிக்கு மேல "குக்கிங் கேமா மச்சி?" ஒருத்தன் ரெசிபி எத்தனன்னு கேட்டான்.

யோசிச்சு பாத்தா அவங்க மேல தப்பே இல்ல. பெரிய பாத்திரம், அதுக்கு பின்னாடி கைய கட்டிட்டு ரெண்டு பேரு. டிவில சமையல் போட்டி நடத்துறவங்க இப்படித்தான் நிப்பாங்க, கல்யாண காண்ட்ராக்ட் சமையல்காரர் விசிட்டிங் கார்டும் இப்படித்தான் இருக்கும். போதாக்குறைக்கு ரெண்டு பேர் சேந்து ஆடுற கேம்னாலே 2016ல வந்த ஓவர்குக்டுங்கற சமையல் கேமுக்கு அப்புறம் பாதி பேருக்கு மனசுல அடுப்படிதான் வருது. நம்ம ஊரா இருந்தா அண்டான்னா பிரியாணி, வெளியூரா இருந்தா பாத்திரம்னா ஓவர்குக்டு, ரெண்டு பக்கமும் அடி.

சரி, படத்துல எழுதிட்டா போச்சுன்னு நெனச்சேன். "ரெண்டு பேர் சேந்து ஆடலாம்"னு ஓரத்துல ஒரு சின்ன பட்டை, கீழ "ஒரு துளி சிந்தக்கூடாது"ன்னு ஒரு வரி. அக்காகிட்ட சொல்லி வெச்சாச்சு. அதுக்கப்புறம்தான் ஸ்டீமோட (கம்ப்யூட்டர் கேம் விக்குற ஆன்லைன் கடை, எங்க கேமும் அங்கதான்) விதிமுறைய உக்காந்து முழுசா படிச்சேன். 2022 செப்டம்பர் 1லேந்து ஸ்டோர் படத்துல மூணே மூணுதான் இருக்கலாம்: கேமோட ஓவியம், கேமோட பேரு, அதுக்கு அதிகாரப்பூர்வமா சப்டைட்டில் இருந்தா அது. விமர்சன மார்க்கு போடக்கூடாது, வாங்குன அவார்டு போடக்கூடாது, தள்ளுபடின்னு எழுதக்கூடாது, வேற கேமுக்கு விளம்பரம் பண்ணக்கூடாது. பெரிய அப்டேட் வரும்போது மட்டும் தற்காலிகமா ஒரு மாசம் வரைக்கும் எழுத்தோட வேற படம் மாட்டிக்கலாம். மீறுனா சேல்ல, விழால எல்லாம் நம்ம கேம எடுத்து முன்னாடி வைக்காம போகலாம், ஸ்டோர்ல தெரியுறதும் கொறையலாம். முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த காலத்துல ஸ்டோர் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கறவங்களுக்கு தெரியும், பத்துக்கு ஒம்பதுன்னு மார்க்கும் எண்பது சதவீத தள்ளுபடியும் படத்து மேலயே ஒட்டி, பஜார்ல பத்து கேம் ஒரே சிடில போட்டு வித்தாங்களே அந்த அட்டை மாதிரிதான் இருக்கும்.

ஆக, ரெண்டு பேர் ஆடுற கேம்னு எழுத முடியாது. படம்தான் சொல்லணும். இதுதான் எங்களுக்கு உண்மைல பெரிய தலவலியா வந்து நின்ன விஷயம், இந்த போஸ்ட்டையே இதுக்காகத்தான் எழுதுறேன்.

படத்துல ரெண்டு ஆள வரைஞ்சிட்டா ரெண்டு பேர் ஆடுற கேம்னு புரிஞ்சிரும்னு நாங்க நெனச்சோம். புரியாது. ரெண்டு பேரு இருந்தா அண்ணன் தம்பி கதைன்னு நெனப்பாங்க, ஹீரோ வில்லன்னு நெனப்பாங்க, ஒருத்தன செலக்ட் பண்ணி ஆடணும் போலன்னு நெனப்பாங்க, சண்ட கேம்னு கூட நெனப்பாங்க. படத்துல தெரிய வேண்டியது ரெண்டு ஆளும் இல்ல, ரெண்டு ஆளுக்கும் நடுவுல இருக்கறது. ஒருத்தன் கைய விட்டா இன்னொருத்தனுக்கு என்ன ஆகும்னு பாக்கறவனுக்கு உடனே தோணணும். 2024ல வந்த செயின்டு டுகெதர் இதுக்கு நல்ல உதாரணம், ஆளுங்கள சங்கிலில கட்டிப்போட்டு மேல ஏறச் சொல்ற கேமு, பேர்லயே சங்கிலி இருக்கு, ஒருத்தன் விழுந்தா எல்லாருக்கும் ஆபத்துன்னு தனியா விளக்க வேண்டிய அவசியமே இல்ல. எங்ககிட்டயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு, அண்டா. அத ரெண்டு பேரும் தூக்கிக்கிட்டு இருக்கணும்ல? நாங்க என்னடான்னா அத கீழ வெச்சுட்டு போட்டோவுக்கு போஸ் குடுக்க வெச்சிருக்கோம். அண்டாவ கீழ வெச்சதும் அது சமையல் பாத்திரம் ஆயிருச்சு.

இத கண்டுபுடிச்சது நான்னு சொல்லிக்க ஆசைதான், ஆனா இல்ல. ராயப்பேட்டைல ஒரு ஃப்ளெக்ஸ் கடை இருக்கு, எங்க கேமுக்கு ஒரு சின்ன ஸ்டால் பேனர் அடிக்க போயிருந்தேன். அங்க டிசைன் பாக்குற அண்ணன் ஒரு காலத்துல மவுண்ட் ரோடுல நின்ன சினிமா பேனரெல்லாம் கையால வரைஞ்சவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த தொழில் போச்சு, இப்ப கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் டிசைன் போடுறார். ஸ்டில் போட்டோ மேல கட்டம் போட்டு, அதே கட்டத்த துணில அடிக்கணக்குல பெருசா இழுத்து, ஏணில நின்னு ஒரு கண்ண மட்டும் அரை நாள் வரைவாங்களாம், அந்த கண்ணு அவர் சைஸுக்கு இருக்குமாம். எங்க வேலை அதுக்கு நேர் எதிர். நாங்க பெருசா வரைஞ்சு கட்ட விரல் நகம் சைஸுக்கு சுருக்கணும்.

அவர் படத்த பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "யாரு தம்பி ஹீரோ?"

"ரெண்டு பேரும்தாண்ணே."

"ரெண்டு பேரும்னா யாருமே இல்லன்னு அர்த்தம். ஒருத்தன பெருசு பண்ணு."

"பண்ண முடியாதுண்ணே, ரெண்டு பேரும் சமம், ஒருத்தன சின்னதா போட்டா அவனா யாரு ஆடுறதுன்னு சண்ட வரும்."

அவருக்கு இது சுத்தமா புடிக்கல. ரெண்டு பெரிய ஸ்டார் நடிச்ச படத்துக்கு பேனர் வரையும்போது யாரு தல ஒசரமா இருக்குன்னு ரசிகர்கள் வந்து அளந்து பாப்பாங்கன்னு ஒரு கதை சொன்னாரு, அது எவ்வளவு நெசமோ தெரியல. அப்புறம் பில் புக்க திருப்பி பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால சாய்வா ஒரு கோடு போட்டாரு. "மாடிப்படின்னு சொன்னல்ல? ஒருத்தன மேல வை. ஒருத்தன கீழ வை. நடுவுல அண்டா. மேல இருக்கறவன் முகமும் தெரியும், கீழ இருக்கறவன் முகமும் தெரியும், யாரும் யாருக்கும் கொறச்சல் இல்ல." மொத்தம் நாலு கோடு, ஒரு வட்டம். வெளிய வந்து ரூம்மேட்டுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன், அவன் ரொம்ப நேரம் பதிலே போடல, அப்புறம் "ஒரு மாச வேலை போச்சு"ன்னு மட்டும் போட்டான்.

அந்த நாலு கோட்டுல என்ன விசேஷம்னா, நெசமாவே அண்டா தூக்கிட்டு மாடி ஏறினவங்களுக்கு தெரியும், மேல இருக்கறவன் பின்னாடி நடந்துதான் ஏறணும். அவன் முகம் கீழ பாத்து இருக்கும், கீழ இருக்கறவன் முகம் மேல பாத்து இருக்கும், ரெண்டு பார்வைக்கும் நடுவுல அண்டா மாட்டிக்கும். பாக்கறவன் கண்ணும் தானா அங்கதான் போய் நிக்கும். ஒரு விஷயத்துல மட்டும் அண்ணன் சொன்னத நாங்க கேக்கல. ஒருத்தனாவது பாக்கறவன நேரா பாக்கணும், அப்பதான் பஸ்ல போறவன் திரும்புவான்னாரு. பேனருக்கு அது சரியா இருக்கலாம். எங்க ஆளுங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து கத்திக்கிட்டு இருக்கணும், அவங்க பாட்டுக்கு நம்ம பக்கம் திரும்பி சிரிச்சா தண்ணி கொட்டிரும்.

இப்ப சைஸ் விஷயத்த சொல்லிடுறேன், இது தெரியாமதான் நெறைய பேரு ஒரே படத்த வெட்டி வெட்டி ஒட்டுறாங்க. ஸ்டீம்ல இந்த படங்களுக்கு கேப்சூல்னு பேரு. எல்லாம் பிக்சல் கணக்கு, அகலம் முதல்ல: ஹெட்டர் கேப்சூல் 920க்கு 430, ஸ்மால் கேப்சூல் 462க்கு 174, மெயின் கேப்சூல் 1232க்கு 706, வெர்டிகல் 748க்கு 896. முன்னாடியெல்லாம் இதுல சரி பாதி சைஸ்தான் கேட்டாங்க, பழைய வீடியோ பாத்து பண்ணா மாட்டிப்பீங்க. இதுபோக வாங்கினவங்க லைப்ரரில தெரிய 600க்கு 900, அப்புறம் அகலமா 3840க்கு 1240ல ஒரு ஹீரோ படம், அதுல எழுத்தே இருக்கக்கூடாது, லோகோவ தனியா குடுத்தா அவங்களே மேல வெச்சுப்பாங்க. ஒவ்வொண்ணும் வேற வேற நீள அகலம். ஒண்ணு நின்னுக்கிட்டு இருக்கும், ஒண்ணு படுத்துக்கிட்டு இருக்கும்.

இதுல வில்லன் ஸ்மால் கேப்சூல்தான். சர்ச் ரிசல்ட்லயும் லிஸ்ட்லயும் வர்றது இதுதான், நீங்க 462க்கு குடுத்தாலும் அவங்க அத இன்னும் சுருக்கி சில எடத்துல 120க்கு 45 வரைக்கும் கொண்டுபோயிருவாங்க. 45 பிக்சல் ஒசரத்துல கோபுரமும் கெடையாது கரண்ட் ஒயரும் கெடையாது, எல்லாம் சேந்து அழுக்கு மாதிரி ஆயிரும். பேரு மட்டும் படிக்குற மாதிரி கிட்டத்தட்ட முழு எடத்தையும் அடைச்சுக்கிட்டு நிக்கணும்னு ஸ்டீம்காரங்களே சொல்றாங்க. அக்காவுக்கு இது மனசு கேக்கல, அவங்க வரைஞ்ச ரெண்டு ஆளையும் தூக்கணும்னா யாருக்குத்தான் கேக்கும். நாலஞ்சு தடவ சின்னதாக்கி பாத்தோம், ஆளுங்க புள்ளி புள்ளியா தெரிஞ்சாங்க. கடைசில அவங்களேதான் வழி கண்டுபுடிச்சாங்க: ஆளு வேணாம், கை போதும். கேமோட பேரையே அண்டா மாதிரி சாய்வா வெச்சு, இந்த ஓரத்துல ஒரு கை, அந்த ஓரத்துல ஒரு கை, ரெண்டும் பேர தூக்கிக்கிட்டு போகுது. ரெண்டு கையும் ரெண்டு கலர் சட்ட. 120க்கு 45லயும் தெரியுது. எனக்கு இன்னிக்கு வரைக்கும் எல்லா படத்துலயும் புடிச்சது அதுதான்.

லோகோல ஒரு அதிர்ஷ்டம் அடிச்சது, அதையும் சொல்லியே ஆகணும். ஸ்டோர்ல பேரு இங்கிலீஷ் எழுத்துலதான் போட்டோம், அதுல ரெண்டு யூ வருது. யூ எழுத்த பாருங்க, மேல தொறந்த பாத்திரம். ஒரு யூல தண்ணி தளும்ப விட்டோம். அப்புறம் யூடியூப் வீடியோவுக்கு தமிழ் லோகோ போடும்போது பாத்தா, ப-வும் மேல தொறந்த பாத்திரம்தான்! சின்ன வயசுலேந்து எழுதுற எழுத்து, இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட அது அண்டா மாதிரி இருக்குன்னு தோணினதில்ல. ப-வும் ட-வும் தமிழ்லயே கம்மி கோடு உள்ள எழுத்து, அதனால சின்னதாக்குனாலும் அடையாளம் போகல. இதே கேமுக்கு "தண்ணீர்"னு பேரு வெச்சிருந்தா அந்த ண-வோட சுழியெல்லாம் சேந்து பூரான் மாதிரி ஆயிருக்கும். பேர ஒரே வரில போடாம ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினோம், எழுத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெருசாச்சு. பேரு நீளமா வெச்சவங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியல, பாவம்.

கலர்ல ரெண்டு தடவ அடி வாங்கினோம். தண்ணி பத்தின கேம்னு முதல்ல நீலமா போட்டுட்டோம், இருட்டு நேரத்து தெரு, நீல வெளிச்சம். ஸ்டீம் கடையோட பேக்கிரவுண்டே கருநீலம். எங்க படம் அதுல போய் அப்படியே முங்கிருச்சு, ஓரம் எங்க முடியுதுன்னே தெரியல. அதனால பழைய பிளாட் மாடிப்படில அடிச்சிருப்பாங்களே அந்த மஞ்ச டிஸ்டம்பர், அத சுவத்துக்கு போட்டோம். ஆளுங்க சட்டைக்கு பிளாஸ்டிக் கொடத்துலேந்து கலர் எடுத்தோம், ஒருத்தனுக்கு ராணி பிங்க், ஒருத்தனுக்கு நீலம். முதல்ல செவப்பும் பச்சையும்தான் வெச்சிருந்தோம், ஆனா செவப்பையும் பச்சையையும் பிரிச்சு பாக்க முடியாதவங்க கணிசமா இருக்காங்க, என் ரூம்மேட்டே அதுல ஒருத்தன், ரெண்டு வருஷமா எந்த ஆளு தன்னோடதுன்னு குழம்பிட்டு இருந்திருக்கான், படம் வரையுற வரைக்கும் வாயே தொறக்கல! கருப்பு வெள்ளையா மாத்தியும் பாத்தோம், பிங்கும் நீலமும் ஒரே சாம்பலா வந்துச்சு, ஆனா மஞ்ச சுவரு வெளுப்பா இருந்ததால ரெண்டு உருவமும் தனியா நின்னுச்சு, அது போதும்னு விட்டுட்டோம்.

ரெண்டாவது அடி சாம்பார். அக்கா வெளிச்சத்த எல்லாம் கணக்கு பண்ணி ஒழுங்கா வரையுறவங்க, மஞ்ச சுவத்தோட நெழல் தண்ணில விழும்ல, அதனால அண்டாலேந்து தளும்புற தண்ணிக்கு லேசா மஞ்ச சேத்திருந்தாங்க. பெருசா பாக்கும்போது அருமையா இருந்துச்சு. சின்னதாக்கினா சாம்பார். பிரியாணிலேந்து தப்பிச்சு சாம்பார்ல விழுந்தோம். எவர்சில்வர் அண்டா வேற, கல்யாண பந்திதான் கண்ணு முன்னாடி வருது. அப்புறம் வெளிச்சமாவது ஒண்ணாவதுன்னு தண்ணிய வெள்ளையா, ஓரத்துல மட்டும் இளநீலமா மாத்தச் சொன்னேன், அக்கா ரெண்டு நாள் என்கூட பேசல. மேல இருக்கறவன் கால்கிட்ட ஒரு சின்ன பச்ச குழாய், லாரிலேந்து வர்றது, அதையும் சேத்தோம். அண்டாவையும் எழுவது சதவீதமா சுருக்கினோம், ரொம்ப பெருசா இருந்தா மறுபடி பிரியாணி.

நடுவுல ரூம்மேட்டு ஏஐல போட்டு பாக்கலாம்னான். பாத்தோம், சும்மா ஐடியாவுக்கு. அதுக்கு அண்டான்னா என்னன்னே தெரியல, சூனியக்காரி கொப்பர மாதிரி கருப்பா மூணு கால் வெச்சு குடுத்துச்சு, லுங்கி கட்டச் சொன்னா துண்டு கட்டுது. அது போக, ஏஐ யூஸ் பண்ணா ஸ்டீம்ல அத சொல்லணும், 2024 ஜனவரிலேந்து அப்படித்தான், நாம சொல்றது ஸ்டோர் பேஜ்லயும் தெரியும். எனக்கு அது தப்பு ரைட்டுன்னு பெரிய கொள்கையெல்லாம் இல்ல. ஆனா ரெண்டே பேர் ரத்தம் சிந்தி பண்ண கேமுக்கு வாசல்லயே அந்த வரி இருக்கறது எனக்கு புடிக்கல. அக்காவுக்கு குடுக்க வேண்டிய காச மூணு தவணையா குடுத்தோம்.

டெஸ்ட் எப்படி பண்ணோம்னா, ஸ்டீம் லிஸ்ட் பக்கத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவுல ஒரு கேமோட படத்து மேல எங்க படத்த ஒட்டி, அத போன்ல வெச்சு கைய நீட்டி ஒரு செகண்டு காட்டிட்டு மறைச்சிடுறது. அப்புறம் ரெண்டே கேள்வி. எத்தன பேரு இருந்தாங்க, என்ன பண்ணிட்டிருந்தாங்க. நல்லாருக்கான்னு மட்டும் கேக்கவே கூடாது, நம்ம ஊர்ல யாரும் மூஞ்சிக்கு நேரா நல்லால்லன்னு சொல்லமாட்டாங்க. என் படம்னு தெரியாத ஆளா பாத்து கேட்டா இன்னும் நல்லது. ஷேர் ஆட்டோல, ஆபீஸ் கேன்டீன்ல, பல் டாக்டர்கிட்ட வெயிட் பண்ற எடத்துலன்னு ஒரு வாரம் பைத்தியம் மாதிரி திரிஞ்சேன்.

ஸ்கிரீன்ஷாட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, குறைஞ்சது அஞ்சு வேணும், 1920க்கு 1080, நெசமா கேம்ல எடுத்ததா இருக்கணும். முதல் நாலுலயும் ரெண்டு ஆளும் இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. ஒருத்தன் மட்டும் இருக்கற அழகான ஷாட்டு ஒண்ணு இருந்துச்சு, மழைல மொட்டமாடி, தூக்கிட்டேன், அழுதுகிட்டே.

இன்னொரு விஷயம், ரெண்டு பேர் ஆடுற கேம ஒருத்தர் தனியா முடிவு பண்ணி வாங்கறது கம்மி. பாக்கறவன் லிங்க்க எடுத்து இன்னொருத்தனுக்கு அனுப்புறான், "டேய் இத ஆடலாமா"ன்னு. அந்த இன்னொருத்தன் பேஜ கூட தொறக்க மாட்டான், வாட்சப்புல லிங்கோட வர்ற படத்த பாத்துட்டு பதில் போடுவான். அதனால படம் ஒருத்தன்கிட்ட இல்ல, ரெண்டு பேர்கிட்ட பாஸ் ஆகணும். எங்க கேம்ல ஆன்லைன் கெடையாது, எழுத தெம்பில்ல, ஆனா 2019லேந்து ஸ்டீம்ல ரிமோட் ப்ளே டுகெதர் இருக்கு, ஒருத்தன் வாங்கினா போதும், இன்னொருத்தன் அவன் வீட்டுலேந்தே நெட் வழியா சும்மாவே சேந்து ஆடலாம். ரூம்மேட்டு இதுல பாதி விற்பனை போயிருமேன்னு தெனமும் பொலம்புறான். வாங்காத அந்த பாதி ஆளையும் படம்தாண்டா இழுக்கணும்னு நான் சொல்லிட்டிருக்கேன்.

படம் மாத்தினதுக்கப்புறம் எண்ணிக்க ஏறுச்சான்னு கேட்டா, ஏறுச்சு. ஸ்டோர்ல எத்தன தடவ படம் தெரிஞ்சுது, அதுல எத்தன பேரு உள்ள வந்தாங்கன்னு டெவலப்பருக்கு ரிப்போர்ட் காட்டும், ரெண்டுமே ஏறிருக்கு. ஆனா அதே நேரத்துல நெக்ஸ்ட் ஃபெஸ்ட்னு வரப்போற கேமுக்கெல்லாம் ஸ்டீம் நடத்துற டெமோ விழா வேற நடந்துச்சு, நாங்களும் டெமோ விட்டிருந்தோம், அதனால எவ்வளவு படத்தால, எவ்வளவு ஃபெஸ்ட்டாலன்னு பிரிச்சு சொல்ல எனக்கு வழி இல்ல. வருஷத்துக்கு மூணு தடவ நடக்குது, ஒரு கேமுக்கு ஒரே தடவதான் சான்ஸ், அதுக்கு முன்னாடியே படத்த மாத்திட்டது மட்டும் நல்ல வேளை.

எனக்கு எண்ணிக்கய விட நம்பிக்க குடுத்தது வேற. புது படத்த ஏத்துறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துல டீ கடைல நின்னேன். டீ மாஸ்டர்கிட்ட போனை காட்டி, வழக்கம்போல ஒரு செகண்டுல மறைச்சிட்டு, "அண்ணே என்ன பாத்தீங்க"ன்னேன்.

"மறுபடி காட்டு." காட்டினேன். "தண்ணி தூக்கிட்டு போறானுங்க. கீழ இருக்கறவன் சரியா புடிக்கல, அதான் சிந்துது."

பக்கத்துல பஜ்ஜி சாப்ட்டுட்டிருந்தவர் எட்டி பாத்தாரு. "அவன் என்ன பண்ணுவான் பாவம், மேல இருக்கறவன் எடுத்தவுடனே வேகமா இழுக்கறான் பாருங்க. பாரம் பூரா கீழ இருக்கறவன் மேலதான்."

"அட நீங்க வேற, மேல இருக்கறவன் பின்னாடி நடக்குறான், அவனுக்கு படி எங்க தெரியும்? கீழ இருக்கறவன்தான் பாத்து ஏத்தி புடிக்கணும்."

"நீங்க அண்டா தூக்கிருக்கீங்களா?"

"நான் தூக்காத அண்டாவா!"

என் போனை இன்னும் குடுக்கல, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி விரல வெச்சு பெருசு பண்ணி பாத்துட்டு இருந்தாங்க. டீ ஆறிப்போச்சு. நான் அங்கேந்தே ரூம்மேட்டுக்கு போன் போட முடியாம, பக்கத்து கடைல ஒருத்தர்கிட்ட போன் வாங்கி, "ஏத்திருடா"ன்னு சொன்னேன்.

வெர்டிகல் கேப்சூல்ல மட்டும் மாமி தல பாதி வெட்டுப்பட்டிருக்கு, அத அக்கா இந்த வாரம் சரி பண்ணி தர்றேன்னு சொல்லிருக்காங்க.